பெட்டியில் நானூறு, டயலில் இருநூறு

கலர் மருந்தில் கழுவுகிற கருப்பு வெள்ளை பிலிமை எந்த ஸ்பீடில் வைத்து எடுப்பது என்று இந்த மாதம் மட்டும் பிலிமில் படம் எடுக்கிற உங்களில் ஏழெட்டுப் பேர் போன் செய்து கேட்டுவிட்டீர்கள். எல்லோருக்கும் "நானூறு, இல்லாட்டி இருநூறு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். மரியாதைக் குறைவாக நினைக்காதீர்கள். எனக்குப் பேச்சு வராது. அதிலும் புது ஆள் என்றால் சுத்தமாக வராது. எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை என்பதால் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவனின் எழுத்து, பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். ஆனால் இந்தப் பிலிமைப் பற்றி நினைத்தாலே இன்றும் எனக்குக் கை பரபரக்கிறது. அந்தப் பரபரப்பில் கொஞ்சமாவது உங்களுக்கும் தொற்ற வேண்டும்.

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் முப்பது வருஷம் ஸ்டுடியோ வைத்திருந்தேன். போன வருஷம் வலது தோள் இறுகிப்போய்க் கேமராவைக் கண் வரைக்கும் தூக்க முடியவில்லை. கடையை விட்டேன். டார்க் ரூமையும் என்லார்ஜரையும் மட்டும் விடவில்லை, வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டேன்.

நான் தொழில் கற்றது பழைய கருப்பு வெள்ளையில். அதில் ஒரு ரோலை ஒரே ஸ்பீடில்தான் எடுப்போம். ஸ்பீடு என்பது டயலில் வைக்கும் எண்; எண் கூடினால் பிலிமுக்குப் போகும் வெளிச்சம் குறையும், எண் குறைந்தால் வெளிச்சம் கூடும். பாதியில் மாற்றினால் கழுவும்போது ஒரு பாதி கெட்டுப்போகும். வெளிச்சம் கூடினால் புள்ளி பெரிதாகிப் படம் சொரசொரப்பாகும். அதனால் 'கம்மியாக் குடு, அளவாக் குடு' என்பதே எங்களுக்குப் பாடம்.

ஏழெட்டு வருஷத்துக்கு முன் இந்தப் பிலிம் என் கைக்கு வந்தபோது, அந்தப் பாடம் தலைகீழாகத் திரும்பியது. இதன் பெட்டியில் நானூறு என்று போட்டிருக்கும். ஆனால் ஒரே ரோலில் ஒரு படத்தை நூறிலும், அடுத்ததை நானூறிலும், அதற்கு அடுத்ததை எண்ணூறிலும் எடுக்கலாம். எல்லாவற்றையும் கலர் பிலிமோடு சேர்த்து ஒரே மாதிரி கழுவலாம். வெளிச்சம் கூடக்கூடப் புள்ளி சிறுத்து, படம் வெண்ணெய் மாதிரி வழுவழுப்பாகும். இதை முதன்முதலில் என்லார்ஜருக்கு அடியில் பார்த்த அன்று நான் டார்க் ரூமில் தனியாகச் சிரித்தேன். வெளியே இருந்த வாடிக்கையாளர் கதவைத் தட்டி, "அண்ணே, நல்லாத்தானே இருக்கீங்க?" என்று கேட்டார்.

சிரித்தவன் அடுத்த மாதமே அழவேண்டியிருந்தது.

வரதராஜன்பேட்டையில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவருக்கும் அவர் மனைவிக்கும் ஐம்பதாவது திருமண நாள். மாதா கோயிலில் பூசை. அவர்களுடைய கல்யாணப் படம் கருப்பு வெள்ளையில் இருந்ததால் இதுவும் அப்படியே வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். கோயிலுக்குள் வெளிச்சம் போதவில்லை. பீடத்துக்குப் பக்கத்தில் ஜன்னல் இருந்தது. அங்கே நல்ல வெளிச்சம் விழுந்தது. சாமியாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஆசிரியரையும் அம்மாவையும் இரண்டடி நகர்த்தியிருந்தால் போதும். அவ்வளவு பேர் முன்னால் எழுந்து போக எனக்குக் கால் வரவில்லை. கடைசி பெஞ்சுக்குப் பின்னால் தூண் ஓரமாக நின்று டயலைத் திருப்பி ஆயிரத்து அறுநூறில் வைத்தேன். எந்த எண்ணையும் தாங்கும் பிலிம்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

திருச்சியில் ஒரு லேபில்தான் அப்போது வாரம் ஒருமுறை பிலிம் கழுவினார்கள். அங்கே மிஷின் பார்க்கும் பெண் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். நேரில் இரண்டு மூன்று முறைதான் பார்த்திருக்கிறேன், மற்றதெல்லாம் போன்தான். மூன்றாம் நாள் கூப்பிட்டார்.

"அண்ணே, உங்க ரோலு வந்துடுச்சு. ஈ ரெக்கை மாதிரி இருக்கு."

நெகட்டிவ் மெலிந்து கிடக்கிறது என்று அர்த்தம். கோயிலில் வெளிச்சம் இல்லை என்றேன்.

"இல்லியா, கேக்கலியா?"

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். என் நெகட்டிவ்களை அவர் பல வருஷமாகக் கழுவுகிறார். எல்லாப் படத்திலும் ஆட்கள் தூரத்தில் நிற்கிறார்கள், அல்லது முதுகைக் காட்டுகிறார்கள், அல்லது இருட்டில் இருக்கிறார்கள். "நீங்க யாரையும் 'இப்படி வாங்க'ன்னு சொல்லவே மாட்டீங்களாண்ணே? அதுக்குப் பதிலா நம்பரைத் திருகிக்கிறீங்க. இந்தப் பிலிமு வெளிச்சம் கூடுனா எவ்வளவு வேணாலும் தாங்கும். கொறஞ்சா ஒரு படி, எண்ணூறு வரைக்கும் தாங்கும், அதுக்கு மேல ஒண்ணுமில்ல. உங்க கூச்சத்தையெல்லாம் அது தாங்காது."

கோபம் வந்தது. ஆனால் நெகட்டிவ்கள் பஸ்ஸில் வந்து சேர்ந்த அன்று மாலை டார்க் ரூமில் போட்டுப் பார்த்தபோது, அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்று தெரிந்தது. கருப்பே இல்லை. எல்லாம் சாம்பல், சாம்பலுக்குள் மணல். ஆசிரியரின் முகத்தில் கண் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு நிழல்கள். படங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "பரவாயில்ல தம்பி, நாங்க அங்க இருந்தோம்னு தெரியுதுல்ல" என்றார். அவர் திட்டியிருந்தால் நான் மறந்திருப்பேன்.

இனி, கடையை விடுவதற்குக் கொஞ்சம் முன் லப்பைக்குடிக்காட்டில் ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஸ்பீடு பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த இருபது நிமிஷத்தில்தான் இருக்கிறது.

அந்த வீட்டில் ஐந்து பேர். பிள்ளைகள் அத்தா என்று கூப்பிடும் அப்பா துபாயில், இளைய மகன் ஜமால் குவைத்தில். மூத்தவன் ரஃபீக் சென்னையில் வேலை பார்க்கிறான், பிலிம் பைத்தியம். வீட்டில் இருப்பது அம்மாவும் மகள் நசீமாவும். ஜமால் வேலைக்குப் போன நாளிலிருந்து ஐந்து பேரும் ஒரே கூரையின்கீழ் இருந்ததில்லை. அத்தாவுக்கு லீவு கிடைத்தால் ஜமாலுக்குக் கிடைக்காது, ஜமாலுக்குக் கிடைத்தால் அத்தாவுக்குக் கிடைக்காது. ஐந்து பேரும் சேர்ந்த படம் ஒன்றுகூட அந்த வீட்டில் இல்லை. அடுத்த மாதம் நசீமாவுக்கு நிக்காஹ், மாப்பிள்ளை மலேசியாவில். அதற்கு அத்தாவால் இருக்க முடியாது, லீவு முடிந்துவிட்டது. எல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்தால் அத்தா கிளம்புகிற நாளும் ஜமால் வந்து இறங்குகிற நாளும் ஒன்றாக அமைந்தது. மதியம் இரண்டு மணிக்கு ஜமால் வீட்டுக்கு வருவான், நாலரைக்கு அத்தாவின் கார் திருச்சி ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும். நடுவில் இரண்டரை மணி நேரம்.

பிலிமில்தான் எடுக்கவேண்டும் என்று சொன்னது ரஃபீக் இல்லை, அவன் அம்மா. ஒரு கல்யாணத்தில் யாரோ போனில் அவரைப் படம் பிடித்துவிட்டார்கள். "நான் வூட்டுக்கு வந்து சேர்றதுக்குள்ள ஜமால் குவைத்துலேர்ந்து பேசுறான், 'அந்தப் பொடவை நல்லாருக்கும்மா'ன்னு. நான் பஸ்ஸுல வர்றேன், என் போட்டோ பிளேன்ல போயிருக்கு" என்றார். அதிலிருந்து போன் கேமராவைக் கண்டால் முகத்தை மூடிக்கொள்வார். பிலிம் என்றால் கழுவி, நானே பிரிண்ட் போட்டு, நெகட்டிவை அவர் கையில் கொடுத்துவிடவேண்டும். அது பீரோவுக்குப் போய்விடும். இதுதான் ஏற்பாடு. கருப்பு வெள்ளை ரஃபீக்கின் ஆசை. திருச்சியில் கழுவ முடிந்த கருப்பு வெள்ளை இந்தப் பிலிம் ஒன்றுதான். அம்மா விசாரித்து, கழுவுவது ஒரு பெண் என்று தெரிந்த பிறகே சம்மதித்தார்.

டைமர் வைத்து நீயே எடுக்கலாமே என்று ரஃபீக்கிடம் கேட்டேன். "எடுத்துப் பாத்தேண்ணே. நான் ஓடி வந்து உக்காருறதுக்குள்ள அடிச்சிடுது. என் முதுகு மட்டுந்தான் குடும்பத்துல இருக்கு" என்றான்.

நான் ஒன்றரை மணிக்கே போய்விட்டேன். ஹாலில் இரண்டு ஜன்னல், ஐந்து நாற்காலி, எல்லாம் சரியாக இருந்தது. ரஃபீக் தன் கேமராவையே கொடுத்தான். அதில் இருந்தது ஒரே ரோல். பக்கத்தில் காரை என்கிற ஊரின் செம்மண் மேடுகளில் போய் அவன் பாதி ரோலை நானூறில் எடுத்திருந்தான். மிச்சம் பாதி எங்களுக்கு.

இரண்டு மணியானது, ஜமால் வரவில்லை. பிளேன் தாமதம் என்றார்கள். மூன்று மணிக்கு வானம் கறுத்தது. கார்த்திகை மழை, பிடித்தால் விடாது. மூன்றரைக்குக் கரண்ட் போனது. அம்மா நிலைப்படிக்குள் நின்று தெருவையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தா பெட்டியைப் பூட்டினார், திறந்தார், மறுபடி பூட்டினார். நாங்களெல்லாம் ஹாலில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நாலு மணி பத்து நிமிஷத்துக்கு ஜமால் வந்தான். தெருமுனையில் தண்ணீர் நின்றதால் காரை அங்கேயே விட்டுவிட்டு மழையில் ஓடிவந்திருக்கிறான். பெட்டிகூடக் கையில் இல்லை. அத்தாவைக் கட்டிக்கொண்டான். இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். அதைப் படம் எடுக்க எனக்கு மனம் வரவில்லை. இருபது நிமிஷம் இருந்தது.

ஹாலில் அப்போது ஆட்களின் உருவம்தான் தெரிந்தது, முகம் தெரியவில்லை. மீட்டரைப் பார்த்தேன். ஆயிரத்து அறுநூறில் வைத்தால் ஏதோ ஒரு மாதிரி எடுத்துவிடலாம் என்று காட்டியது. கை தானாக டயலுக்குப் போய்விட்டது. எண்ணைக் கூட்டு, கதவோரம் நில், அவர்கள் பாட்டுக்கு உட்காரட்டும், நாலு தரம் அடித்துவிட்டுக் கிளம்பு. என் முப்பது வருஷப் பழக்கம் இப்படித்தான் சொன்னது. கூடவே அந்த ஆசிரியரின் முகத்தில் இருந்த இரண்டு நிழல்களும் ஞாபகத்துக்கு வந்தன.

எங்கே வெளிச்சம் இருக்கும் என்று யோசித்தேன். முன்வாசல் தெருவைப் பார்த்தது, அங்கே படத்துக்கு அம்மா நிற்கமாட்டார். நடையின் கடைசியில், சமையல்கட்டுக்கு அப்பால், சாம்பல் நிறமாக ஒரு வெளிச்சம் தெரிந்தது. கொல்லைத் தாழ்வாரம். எதிரே வெள்ளையடித்த உயரமான மதில், மேலே திறந்த வானம். மழை வானம் என்றாலும் அது பெரிய விளக்குதான். ஆனால் அது பெண்கள் புழங்கும் இடம். உறவுக்காரப் பெண்கள் நாலைந்து பேர் அங்கே இருந்தார்கள். வெளி ஆண் ஒருவன் அங்கே கால் வைப்பதை நினைக்கக்கூட முடியாது.

பூசையின் நடுவே சாமியாரிடம் ஒரு வார்த்தை கேட்கக் கூசியவன் நான். இங்கே ஒரு வீட்டின் உள்பக்கத்தையே கேட்கவேண்டும். கேட்டேன்.

"அம்மா, கொல்லைத் தாழ்வாரத்துல எடுக்கலாமா?"

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா மெதுவாகச் சொன்னார். "அங்கல்லாம் வெளியாளு வர்ற எடமில்ல தம்பி. இங்கயே எடுத்துடுங்க."

"இங்க எடுத்தா உங்க மொகம் வராதும்மா."

"வராட்டி நல்லதுதான்."

நசீமா சட்டென்று திரும்பினாள். "அப்பறம் எதுக்கும்மா இந்த மனுசர உக்கார வச்சிருக்க? நான் மலேசியால போயி நாற்காலியப் பாத்துக்கிட்டு இருக்கவா?"

அத்தா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா உள்ளே போனார். பெண்கள் குரலும் பாத்திரம் நகர்த்துகிற சத்தமும் கேட்டன. வெள்ளைத் துப்பட்டியை நன்றாக இழுத்துப் போர்த்திக்கொண்டு திரும்பி வந்தார். "வாங்க. தலைய குனிஞ்சு வாங்க, வாசக்காலு இடிக்கும்" என்றார். நான் குனிந்த தலையை ஸ்டாண்டை விரிக்கும்வரை நிமிர்த்தவில்லை.

தாழ்வாரத்து வெளிச்சம் ஐந்து முகத்திலும் ஒரே மாதிரி, மிருதுவாக விழுந்தது. இப்போது எண்ணை முடிவு செய்யவேண்டும். பெட்டியில் உள்ளபடி நானூறு வைத்தாலே எடுக்க முடியும். ஆனால் யோசித்துப் பாருங்கள். பின்னால் வெள்ளைச் சுவர், நடுவில் வெள்ளைத் துப்பட்டி, அந்தத் துப்பட்டியின் நிழலுக்குள் அம்மாவின் முகம். மீட்டருக்கு வெள்ளைதான் தெரியும், அம்மாவைத் தெரியாது. வெளிச்சம் நிறைய இருக்கிறது என்று ஏமாந்து அது கம்மியாகக் கொடுக்கச் சொல்லும். யாருக்காக இத்தனை பாடோ அவருடைய முகம் இருண்டுவிடும். டயலை இருநூறில் வைத்தால், பிலிம் மந்தமானது என்று மீட்டர் நம்பி இரண்டு மடங்கு வெளிச்சம் கொடுக்கும். வெள்ளை வெளுத்துப் போகுமே என்ற பயம் இந்தப் பிலிமில் வேண்டாம். துப்பட்டியின் மடிப்புக்கூட அதில் நிற்கும். ஆனால் ஷட்டர் ஒரு நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரம் திறந்திருக்கும். யாராவது அசைந்தால் போச்சு. ஜமாலுக்கோ இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

டயலைத் திருப்பினேன். ரஃபீக் பார்த்துவிட்டான்.

"அண்ணே, நடு ரோலுல மாத்துறீங்க. நான் காரையில எடுத்ததெல்லாம் போயிடும்."

"போவாது. ஒன்னோட நானூறும் வரும், இந்த இருநூறும் வரும்."

"நல்லாத் தெரியுமா?"

"தெரியும்" என்றேன். என் வாழ்நாளில் ஒரு வாடிக்கையாளரிடம் அவ்வளவு தீர்மானமாகப் பேசியது அன்றுதான். "நீ போயி தங்கச்சி பக்கத்துல நில்லு. ஜமால், மூச்ச இழுத்துப் புடிங்க. பாய், நீங்க அம்மா பக்கம் இன்னும் ஒட்டி நில்லுங்க. யாரும் அசையக்கூடாது."

துபாயில் இருபது பேருக்கு மேஸ்திரியாக இருக்கும் மனிதர், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒட்டி நின்றார். அம்மா துப்பட்டியைத் தாமாகவே இரண்டு விரல் மேலே தள்ளினார். அடித்தேன். நாலு படம் எடுத்தேன். ஐந்தாவதுக்குப் பிலிமை நகர்த்தும்போது தெருமுனையிலிருந்து கார் ஹாரன் கேட்டது. எல்லோரும் அசைந்துவிட்டார்கள்.

திருச்சியிலிருந்து போன் வந்தபோது லேப் பெண் எடுத்த எடுப்பில், "யார்ண்ணே எடுத்தது?" என்றார். நான்தான் என்றேன். "நம்ப மாட்டேன். எல்லாரும் ஒங்களயே பாக்குறாங்களே" என்றார்.

அந்த நெகட்டிவைப் பன்னிரண்டுக்குப் பதினைந்து அங்குலத் தாளில் போட்டேன். டிரேயில் படம் மெல்ல எழும்பியது. முதலில் ஜமாலின் நனைந்த தலைமுடி வந்தது, பிறகு நசீமாவின் கண், பிறகு துப்பட்டிக்குள் அம்மாவின் முகம், மூக்குத்திப் புள்ளி உட்பட. புள்ளி என்று சொல்ல வேறு எதுவும் இல்லை. ரஃபீக்கின் காரைப் படங்களும் ஒன்றுகூடக் கெடவில்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நல்ல வெளிச்சத்தில் பெட்டியில் உள்ள நானூறு போதும். பின்னால் வெள்ளையும் முன்னால் நிழலும் இருந்தால் இருநூறு. எண்ணூறு என்பது வேறு வழியே இல்லாதபோது மட்டும். ஆனால் எண்ணைக் கூட்டக் கை போகும் ஒவ்வொரு முறையும், வெளிச்சம் நிஜமாகவே இல்லையா, அல்லது கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறதா என்று ஒரு நொடி யோசியுங்கள். எனக்குப் பத்தில் எட்டு முறை கூச்சம்தான்.

படத்தையும் நெகட்டிவையும் கொண்டுபோய்க் கொடுத்த நாளில் அம்மாவும் நசீமாவும் மட்டும் வீட்டில் இருந்தார்கள். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தை ஜன்னலருகே கொண்டுபோனார். ஒவ்வொருவராக விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அத்தாவின் கை மேல் விரல் நின்றுவிட்டது. அவர் கையில் கட்டியிருந்த வாட்ச்சின் முள் அவ்வளவு தெளிவாக விழுந்திருந்தது.

"நசீமா, இது என்ன மணி காட்டுது?"

"மூணாகப் பத்து நிமிசம்மா."

அம்மா கணக்குப் பார்த்தார். படம் எடுத்தபோது நாலு இருபது, வாட்ச் ஒன்றரை மணி நேரம் பின்னால். அவர் முகம் மாறிவிட்டது. "துபாய் மணி. லீவுக்கு வந்து பதினஞ்சு நாளும் அந்த ஊரு நேரத்துலயேதான் இருந்திருக்காரு" என்றார். யாரிடமும் சொல்கிற மாதிரி இல்லை. எனக்கு ஏன் இவ்வளவு தெளிவாக எடுத்தோம் என்று ஆகிவிட்டது.

உடனே போன் போட்டார். கண்ணாடியைக் கழற்றாமல் ஸ்பீக்கரில் வைத்தார். எடுத்ததும் சலாம் சொல்லிவிட்டு நேராகவே கேட்டார். "ஏங்க, போட்டோவுல ஒங்க வாட்சு துபாய் மணி காட்டுதே. நம்ம வூட்டு நேரத்துக்கு அத மாத்தக்கூட ஒங்களுக்குத் தோணலியா?"

"வந்து எறங்குன அன்னிக்கே மாத்திட்டேன்" என்றார் அத்தா. "கெளம்புற அன்னிக்கு மத்தியானந்தான் திருப்பி வச்சேன். புள்ள வரலியேன்னு நீங்கள்லாம் சொவத்துக் கெடியாரத்தையே பாத்துக்கிட்டு இருந்தீங்க. எனக்கு அதப் பாக்கப் பயமா இருந்துச்சு. என் கையில பாத்தா இன்னும் ஒன்றரை மணி நேரம் மிச்சம் இருந்துச்சு."

அம்மா ஸ்பீக்கரை அணைத்தார். போனைக் காதில் வைத்துக்கொண்டு, படத்தையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.